உங்கள் கவுன்சலரே சோர்ந்துபோனால் அவர் யாரிடம் போவார்?

நான்கு மாதமாக வாரம் ஒருமுறை நீங்கள் பார்த்துவரும் கவுன்சலரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. "நான் சில வாரம் விடுப்பில் இருப்பேன். என் சக ஊழியர் உங்களைப் பார்த்துக்கொள்வார்." காரணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. உங்கள் மனம் உடனே எங்கே போகும்? "நான் சொன்னதெல்லாம் அவங்களுக்குப் பாரமாப் போச்சோ?"

அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் விஷயம் உங்களைப் பற்றியதாகவே இல்லாமலும் இருக்கலாம். கவுன்சலர், உளவியலாளர், மனநல மருத்துவர், சமூக சேவை ஊழியர் எல்லாருக்கும் பர்ன்அவுட் வரும். அதற்காக அவர்களில் பலர் இன்னொருவரிடம் தெரபிக்குப் போகிறார்கள். பல் மருத்துவருக்குப் பல்வலி வந்தால் நாம் ஆச்சரியப்படுவதில்லை. கவுன்சலர் தெரபிக்குப் போகிறார் என்றால் மட்டும் "அவங்களுக்கே இப்படியா?" என்று கேட்கிறோம். அதே கேள்வி அவர்கள் மனதிலும் ஓடுவதுதான் சிக்கல்.

பர்ன்அவுட் என்றால் சரியாக என்ன?

தேர்வு வாரம் முடிந்ததும் "நான் பர்ன்அவுட் ஆயிட்டேன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தச் சொல் ஆய்வுக்குள் வந்ததே பிறருக்கு உதவுவோரின் கதையாகத்தான். நியூயார்க்கில் இலவச மருந்தகம் ஒன்றில் வேலை செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், 1974இல் அதைப் பற்றி எழுதினார். ஆர்வத்தோடு வந்த தொண்டூழியர்கள் சில மாதங்களில் வெறுமையாகிப் போவதை அவர் கவனித்தார். அந்த நிலையை அவரும் அனுபவித்திருந்தார்.

பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் அதை அளக்க ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அதில் மூன்று கூறுகள் உண்டு. முதலாவது, உணர்வளவில் காலியாகிவிடுவது. இரண்டாவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது. மூன்றாவது, "நான் செய்றதுல என்ன பிரயோஜனம்?" என்ற எண்ணம். கவுன்சலரிடம் இரண்டாவதுதான் ரொம்ப ஆபத்து. நீங்கள் அழுதுகொண்டிருக்கும்போது அவர் கண் கடிகாரத்துக்குப் போகும். உங்கள் பெயர் அவர் மனதில் "மூணு மணி கேஸ்" ஆகிவிடும். அதை அவரே உணர்ந்து வெட்கப்படுவார். வெட்கத்தால் யாரிடமும் சொல்ல மாட்டார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை வேலை சார்ந்த நிலை என்று வகைப்படுத்தியது. அதை நோய் என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேட்ட கதை ஒட்டிக்கொள்ளும்போது

வேலைப் பளுவால் வரும் பர்ன்அவுட் வங்கி ஊழியருக்கும் வரலாம், ஆசிரியருக்கும் வரலாம். மனநலத் துறையில் இருப்போருக்கு இன்னொன்றும் உண்டு. பிறர் பட்ட துயரத்தை நாள்தோறும் கேட்பதால் வரும் பாதிப்பு அது. 1990களில் ஆய்வாளர்கள் அதைத் தனியாகப் பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். பரிவுச் சோர்வு என்றும், கேட்டவரையும் தாக்கும் அதிர்ச்சி என்றும் அதைச் சொல்லலாம்.

ஓர் உதாரணம். குழந்தைகள் வதைபட்ட வழக்குகளைக் கையாளும் ஒரு கவுன்சலரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை, புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடல். ஒரு மாமா குழந்தையைத் தூக்கி ஊஞ்சலில் வைக்கிறார். மற்ற எல்லாருக்கும் அது அழகான காட்சி. கவுன்சலருக்கு மட்டும் வயிற்றில் ஏதோ பிசைகிறது, "இவர் உண்மையிலேயே யார்?" என்று. அவருக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் உலகத்தைப் பார்க்கும் கண்ணாடி மாறிவிட்டது. லீவு எடுத்துத் தூங்கி எழுந்தால் இது சரியாகிவிடாது. (எங்கள் செய்தியறையிலும் விபத்துக் காணொளிகளை நாள் முழுக்க வெட்டி ஒட்டிய பிறகு "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வா" என்பதுதான் ரொம்ப நாள் சிகிச்சையாக இருந்தது.)

சூப்பர்விஷன் இருக்கிறதே, தெரபி எதற்கு?

கவுன்சலர்களுக்கு சூப்பர்விஷன் என்ற ஏற்பாடு உண்டு. அனுபவம் மிக்க ஒருவரிடம் தங்கள் வழக்குகளைப் பற்றிப் பேசி வழிகாட்டுதல் பெறுவார்கள். ஆனால் அங்கே மையப் பொருள் நீங்கள், அதாவது வாடிக்கையாளர். "அந்தப் பையனுக்கு அடுத்து என்ன செய்யலாம்?" என்பதுதான் கேள்வி. அதோடு, சில இடங்களில் சூப்பர்வைசரே வேலை மதிப்பீட்டையும் எழுதுபவர். அவரிடம் "எனக்குக் காலையில் எழவே பிடிக்கல" என்று எப்படிச் சொல்வது?

தெரபியில் மையப் பொருள் அந்தக் கவுன்சலர்தான். இது புதுசும் இல்லை. சிக்மண்ட் ஃபிராய்டு 1937இல் எழுதிய ஒரு கட்டுரையில், உளப்பகுப்பாய்வாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது தாங்களே மறுபடியும் பகுப்பாய்வுக்குப் போக வேண்டும், அதில் வெட்கப்படத் தேவையில்லை என்று சொல்லியிருந்தார். அமெரிக்காவில் ஏறக்குறைய 500 உளவியலாளர்களிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில் 84 விழுக்காட்டினர் தாங்களும் தெரபிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒருமுறையாவது மனச்சோர்வு நோயை அனுபவித்ததாக 61 விழுக்காட்டினர் சொன்னார்கள்.

"அப்போ என் கதையையும் அங்கே சொல்லிடுவாங்களா?" என்ற கேள்வி உங்களுக்கு வரலாம். நியாயமான கேள்விதான். ரகசியம் காக்கும் கடமை அந்த அறைக்குள்ளும் தொடர்கிறது. "இந்த வாரம் கேட்ட ஒன்று தூங்கவிடவில்லை" என்று அவர் சொல்லலாம். உங்கள் பெயரையோ உங்களை அடையாளம் காட்டும் விவரத்தையோ சொல்லக்கூடாது.

அந்த அறையில் என்ன நடக்கும்?

முதல் சில அமர்வுகள் பெரும்பாலும் வேடிக்கையாகவே இருக்கும். வந்திருப்பவருக்கும் தொழில் தெரியும் அல்லவா? எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டதும், "ஓ, இந்த டெக்னிக்கா?" என்று மனம் கணக்குப் போடும். தன் வேதனையைக்கூடப் பாடப்புத்தகச் சொற்களில் விவரிப்பார். நல்ல தெரபிஸ்ட் அதைக் கவனித்து மெதுவாகக் கேட்பார்: "சரி, உங்களுக்கு எங்கே வலிக்குது?"

பிறகுதான் வேலை தொடங்கும். சிலருக்கு "நான் இல்லாட்டி அவங்க என்ன ஆவாங்க?" என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை உதவும். மனதில் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளுக்கு, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர் சிகிச்சை தரப்படலாம். இன்னும் சிலர் வேறொரு இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். வீட்டில் மூத்த பிள்ளை, பத்து வயதிலேயே அம்மாவின் கவலைகளையெல்லாம் உட்கார்ந்து கேட்டவர், வளர்ந்து கேட்பதையே தொழிலாக்கிக்கொண்டவர். அவருக்கு "போதும்" என்று சொல்லும் பழக்கம் எப்போதுமே இருந்ததில்லை. வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கலாம் என்ற கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிங்கப்பூர் சின்ன ஊர்

இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. மனநலத் துறையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தெரபிஸ்ட் ஏற்கெனவே நண்பராகவோ சக ஊழியராகவோ இருக்கக்கூடாது என்பது தொழில் நெறி. தமிழில் பேசும் கவுன்சலர்களின் வட்டம் இன்னும் சிறியது. தேடிப் பிடித்த ஒருவர் உங்களோடு படித்தவராக இருப்பார், இல்லையென்றால் தைப்பூசத்தன்று பால்குட வரிசையில் பக்கத்தில் நிற்பார். ஆங்கிலத்திலேயே பேசிவிடலாம் என்றால், அம்மாவைப் பற்றிப் பேச்சு வரும்போது ஆங்கிலம் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் வேறு அமைப்பில் வேலை செய்பவரையோ, இணையம்வழி வெளிநாட்டில் இருப்பவரையோ சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இன்னொரு தடை, "விஷயம் வெளியே தெரிஞ்சா வேலை போயிடுமோ?" என்ற பயம். பிரிட்டனில் மருத்துவர்களுக்கென்றே ரகசியமாக இயங்கும் ஒரு சிகிச்சைச் சேவை 2008இல் லண்டனில் தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே பல முதலாளிகள் ஊழியர் ஆதரவுத் திட்டம் மூலம் வெளி கவுன்சலரை ஏற்பாடு செய்கிறார்கள். வேலையிடத்தில் மனநலம் குறித்து 2020 நவம்பரில் வெளியான முத்தரப்பு வழிகாட்டுதலும் அதைப் பரிந்துரைக்கிறது. பொதுவாக, யார் போனார் என்பது முதலாளிக்குச் சொல்லப்படாது. ஆனால் முதல் அமர்விலேயே அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. இது நமக்கும் பொருந்தும்.

தெரபி மட்டும் போதுமா?

போதாது. பர்ன்அவுட் வேலை சார்ந்த நிலை என்று மேலே பார்த்தோம் அல்லவா? ஒரு நாளைக்கு எட்டுப் பேர், இடையில் சாப்பிட நேரமில்லை, இரவில் அறிக்கை எழுதும் வேலை என்றால், எவ்வளவு நல்ல தெரபியும் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான். மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் சேர்ந்து ஆராய்ந்தபோது வேலைப் பளு, சொந்த முடிவெடுக்கும் உரிமை, அங்கீகாரம், சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்புகள் என்று ஆறு இடங்களைச் சுட்டினார்கள். ஆறும் வேலையிடத்தில் இருப்பவை. "செல்ஃப்-கேர் பண்ணுங்க" என்று யோகா வகுப்புக்கு அனுப்பிவிட்டு வழக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்காத மேலாளர்கள் இதைப் படிக்கலாம்.

ஆள்பலமும் தேவை. 2030க்குள் பொதுத்துறை மனநல மருத்துவர்களை 260ஆகவும் உளவியலாளர்களை 300ஆகவும் உயர்த்தும் திட்டத்தை அரசாங்கம் 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. நீங்கள் உளவியல் படிக்கிறீர்கள் என்றால் அந்த எண்ணிக்கையில் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம். வேலைக்கான நேர்முகத் தேர்வில் சம்பளத்தோடு சேர்த்து, வாரத்துக்கு எத்தனை வழக்குகள், சூப்பர்விஷன் எத்தனை மணி நேரம் என்றும் கேளுங்கள்.

அந்த மின்னஞ்சலுக்குத் திரும்புவோம்

தன்னால் சரியாக வேலை செய்ய முடியவில்லை என்று தெரிந்தால் ஒதுங்கிக்கொள்வது கவுன்சலரின் தொழில் கடமை. அதனால் விடுப்பு மின்னஞ்சல் வருவது, அவர் அந்தக் கடமையைச் செய்வதன் அடையாளமாகவும் இருக்கலாம். காரணத்தை அவர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எப்போது திரும்புவார், அதுவரை யாரைப் பார்ப்பது, உங்கள் குறிப்புகள் புதியவருக்குப் போகுமா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். கவுன்சலர் கொட்டாவி விடுகிறார், போன வாரம் சொன்னதை மறந்துவிட்டார் என்றால் அதையும் நேரடியாகச் சொல்லலாம். "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதில் தப்பில்லை. அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் உங்களுடையதல்ல. தேவைப்பட்டால் வேறு கவுன்சலரையும் கேட்கலாம்.

உதவி தேவையா? கவுன்சலருக்கும் இதே எண்கள்தான்:

தேசிய மைண்ட்லைன்: 1771
சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்: 1767
மனநலக் கழகத்தின் உதவித் தொலைபேசி: 6389 2222