கலப்படமா, எல்லையா?

ஒரு சீரிய அணுவுக்கு ஆறு செம்பு அணு. இந்த உலோகம் 0.01 கெல்வின் வரை குளிர்ந்தாலும் காந்த ஒழுங்குக்கு வராது. ஆறு செம்பில் 0.1 பங்குக்கு மேல் தங்கத்தை மாற்றி வைத்தால், அணுக்களின் இடைவெளி விரிந்து, எதிர்ஃபெரோகாந்தம் தலைகாட்டும். தனிச்சுழி வெப்பநிலையிலேயே நடக்கும் குவாண்டம் நிலைமாற்றம் இது.

அந்த எல்லையில் லாண்டாவின் ஃபெர்மி திரவக் கணக்கு பொய்ப்பதை 1994-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் லோனைசன் குழு காட்டியது. வெப்ப ஏற்புத்திறனை வெப்பநிலையால் வகுத்தால் மாறிலி வரவேண்டும். வந்ததோ, குளிரக் குளிர மடக்கையாக ஏறும் கோடு.

எனக்கு உடனே சந்தேகம்: இது தங்கக் கலப்படத்தோட வேலையா இருக்குமோ? புரோகிராமில் பிழை தேடுறவன் புத்தி!

பதில் 1995-இல் வந்தது. தங்கம் கூடுதலான மாதிரிகளை அழுத்தினார்கள். காந்தம் மறையும் அழுத்தத்தில் அதே கோடு. ஆக, காரணம் கலப்படம் இல்லைங்க, எல்லைதான்.