பாஸ்டன் நகரத்துப் பாதரட்சைக்காரர்

குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல், தக்கவர் ஒருவரின் கண்காணிப்பில் விட்டுத் திருத்தும் முறைக்குத் தந்தை என்று சரித்திரக்காரர் போற்றும் ஜான் அகஸ்டஸ், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பாதரட்சை தைத்து ஜீவனம் செய்துவந்த ஒரு சாமானியர். 1841-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் போலீஸ் கோர்ட்டுக்குச் சென்றிருந்த அவர், கந்தலாடையுடன் நிறுத்தப்பட்டிருந்த குடிகாரன் ஒருவனிடம் சில வார்த்தைகள் பேசி, இனி மதுவைத் தொடுவதில்லை என்று அவன் வாக்களித்ததும், தாமே ஜாமீன் நின்று அவனை அழைத்துச் சென்றார். மூன்று வாரங்கள் கழித்து, அடையாளமே தெரியாதபடி மாறி வந்து நின்ற அம்மனிதனுக்கு நியாயாதிபதி விதித்த அபராதம், கோர்ட்டுச் செலவு நீங்கலாக, ஒரே ஒரு சென்ட்.

அதன்பின், 1859-இல் காலமாகும் வரையில், ஏறத்தாழ 2,000 பேருக்கு அவர் பிணை நின்றார். பலருக்கு வசிக்க இடமும் செய்யத் தொழிலும் தேடித் தந்தார். ஒவ்வொரு கைதியையும் சிறை சேர்ப்பதற்குத் தமக்குக் கிடைத்துவந்த கட்டணம் நஷ்டமாயிற்றே என்று கோர்ட்டுச் சிப்பந்திகள் அந்தப் புண்ணியவானை வெறுத்தார்கள் என்பதை வாசிக்கையில் நெஞ்சம் கொதிக்கிறது. கைப்பொருளையெல்லாம் இப்பணிக்கே செலவிட்டு, வறியவராகவே அவர் மறைந்தார். அவர் இயற்றிய தர்மத்தை உத்தியோகமாக்கி மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் சட்டம் செய்தது 1878-இல். சென்னை மாகாணத்தின் நன்னடத்தைக் கண்காணிப்புச் சட்டமோ 1936-ஆம் வருஷத்தது.