ஹெலிகொப்டர் முகப்பில் தீட்டிய சித்திரங்கள்

கலை எவருக்காக என்னும் வினா நமது இலக்கிய மேடைகளிலே நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவது. கவிதையையும் நாவலையும் முன்வைத்தே அதனை நாம் பெரும்பாலும் விவாதித்துள்ளோம். போர்க்கருவியொன்றின் முகப்பிலே பெயர் தெரியாத படைவீரன் தீட்டிய சித்திரத்தை முன்வைத்தும் அதே வினாவை எழுப்பலாம். வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் படையினர் தம் ஹெலிகொப்டர்களில் வரைந்த ஓவியங்களையே இங்கு கருதுகின்றோம்.

இவ்வழக்கம் வியட்நாமிலே பிறந்ததன்று. முதலாம் உலக மகாயுத்தத்தில் இத்தாலிய விமானி பிரான்செஸ்கோ பராக்கா தமது விமானத்திலே துள்ளும் குதிரையொன்றைத் தீட்டியிருந்தார். (அக்குதிரை பின்னாளில் பெராரி மோட்டார்க் கொம்பனியின் இலச்சினையாயிற்று.) இரண்டாவது யுத்தத்தில் ஜேர்மன் விமானங்களிலே காணப்பட்ட சுறாவின் வாயை, 1941 இல் வட ஆபிரிக்காவிலிருந்த பிரித்தானிய 112 ஆம் அணியினர் பின்பற்றினர். அவர்களைப் பார்த்துச் சீனாவிலே போரிட்ட அமெரிக்கத் தொண்டர் விமானிகளும் அதனைக் கைக்கொண்டனர். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசச் சென்ற விமானத்தின் முகப்பில், புறப்படுவதற்குச் சற்று முன்னர் ஒரு பெயர் எழுதப்பட்டது. 'ஈனோலா கே' என்னும் அப்பெயர் விமானியைப் பெற்றெடுத்த தாயின் பெயராகும்.

1961 டிசெம்பரில் முதலாவது அமெரிக்க ஹெலிகொப்டர் அணிகள் கப்பலிற் சைகோன் வந்திறங்கின. யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 12,000 ஹெலிகொப்டர்கள் அங்கு பறந்தன. 5,000 வரையில் அழிந்தன. அவற்றுட் பெருந்தொகையானவை 'ஹியூயி' எனச் செல்லமாக அழைக்கப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அதன் மூக்குப் பகுதியிலே உட்கருவிகளை மூடும் கதவொன்று உண்டு. அக்கதவே ஓவியனுக்குப் பலகையாயிற்று. மண்டையோடு, சூதாட்டச் சீட்டு, சித்திரக் கதைப் பாத்திரம், காதலியின் பெயர், அணியின் சின்னம் ஆகியன அதில் இடம்பெற்றன.

தீட்டியவர்கள் யார்? இயந்திரத்தைப் பராமரித்தோரும், கதவோரத்தில் துப்பாக்கியுடன் அமர்ந்திருந்தோருமே பெரும்பாலும் இதனைச் செய்தனர். பல்கலைக்கழகம் புகுந்தவன் கட்டாய இராணுவ சேவையை ஒத்திவைக்கக்கூடியதாயிருந்த காலம் அது. ஆதலால் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே இப்பணிகளிற் பெருமளவிற் சிக்கினர். ஓராண்டை உயிரோடு கழித்துவிட வேண்டுமென்பதே அவர்களது எண்ணம். அரசாங்கத்துக்குச் சொந்தமான, இலக்கமொன்றை மாத்திரமே தாங்கிய இயந்திரத்தைத் தமதென்று சொல்லிக்கொள்ளும் ஆசை அச்சித்திரங்களில் உண்டு. அதனை நாம் ஏளனஞ் செய்வதற்கில்லை.

ஆயினும், அவர்கள் தேர்ந்த சொற்களையும் நாம் பார்த்தல் வேண்டும். சினூக் என்னும் பெரிய ஹெலிகொப்டர்கள் நான்கினைப் பீரங்கியும் துப்பாக்கியும் பொருத்திப் பரீட்சார்த்தமாக அனுப்பினர். அவற்றின் முகப்புகளிலே எழுதப்பட்ட பெயர்களுள் மூன்றைத் தமிழிற் சொல்வதானால் 'சுலபப் பணம்', 'வாழ்க்கைச் செலவு', 'கருத்தடை' என்பனவாகும். நான்காவது 'ஸ்டம்ப் ஜம்பர்' எனப்பட்டது. குழந்தைகள் நிறைந்த கிராமங்களின் மேலே குண்டு பொழியும் இயந்திரத்துக்குக் கருத்தடை என்று பெயரிடுபவனின் நகைச்சுவை எத்தகையது! 'வாழ்க்கைச் செலவு' 1967 மே மாதத்திலே தன் சொந்தப் பீரங்கி நிலைபெயர்ந்து தன் சுழலிறகையே சுட, அதிலிருந்த அனைவருடனும் வீழ்ந்தது. 'கருத்தடை' 1968 பெப்ரவரியில் ஹியூ நகரப் போரில் அழிந்தது. எஞ்சியது 'சுலபப் பணம்' ஒன்றே.

படைவீரனின் தூரிகைக்கு முன்னரே இராணுவத் தலைமை ஒரு பெயரை இட்டிருந்தது. ஷோனி, சொக்டோ, இரகோய், சூ என்று அமெரிக்க ஆதிக் குடிகளின் பெயர்களைத் தன் ஹெலிகொப்டர்களுக்குச் சூட்டுவது அதன் மரபு. 1876 இல் கஸ்டர் தலைமையில் சூ மக்களுடன் மோதித் தோல்வியுற்றதும், 1890 இல் வூண்டட் நீயில் அம்மக்களின் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக்கொன்றதும் ஏழாவது குதிரைப்படையே. 1965 நவம்பரில் அதே படைப்பிரிவு, மஞ்சட் கேடயத்திற் கருங்குதிரைத் தலை பொறித்த சின்னத்துடன், இயா டிராங் பள்ளத்தாக்கிலே இரகோய் ஹெலிகொப்டர்களிலிருந்து இறங்கியது. நிலத்தைப் பறித்தவன், அதனை இழந்தவனின் பெயரைத் தன் ஆயுதத்துக்கு அணியாக்கிக்கொண்டான். இது பகைவனின் வீரத்துக்குச் செய்யும் மரியாதை என்பாருமுளர். நமக்கு அது ஒப்பமுடிந்ததன்று.

இச்சித்திரங்களை எவர் பார்த்தனர் என்பதையும் நோக்குவோம். மூக்குக் கதவிலிருந்த சிறிய ஓவியம், வயலிலே குனிந்து நாற்று நடும் விவசாயியின் கண்ணுக்குத் தெரிந்திருக்க முடியாது; அவன் கேட்டது இரைச்சலை. ஆகவே அது பெரும்பாலும் பகைவனை நோக்கித் தீட்டப்பட்டதன்று. இறங்குதளத்திலே நின்ற தோழர்களுக்கும், நாளை திரும்பிவருவோமா என்றஞ்சிய தமக்குமே அவர்கள் அதனைத் தீட்டினர்.

சுறாவாய் இதற்கு விலக்கு. 174 ஆம் தாக்குதல் ஹெலிகொப்டர் கொம்பனியின் துப்பாக்கி ஹெலிகொப்டர்கள் 'சுறாக்கள்' எனப்பட்டன. பற்களை விரித்த வாய் அவற்றின் முகப்பை நிறைத்தது. 1968 மார்ச் 16 ஆம் திகதி காலை மைலாய் கிராமத்துக்குப் படையினரை ஏற்றிச் சென்றவை அக்கொம்பனியின் ஹெலிகொப்டர்களே. சுறாக்கள் காவலாகச் சென்றன. அன்று கொல்லப்பட்டோர் 504 பேர் என்பது வியட்நாமியர் கணக்கு. அவ்வானிலே பறந்த இன்னொரு சிறிய ஹெலிகொப்டரில் ஹியூ தொம்சன், லோரன்ஸ் கொல்பேர்ன், கிளென் அன்ட்ரியோட்டா என்னும் மூவர் இருந்தனர். ஓடும் கிராமத்தவருக்கும் துரத்தும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் இடையே தொம்சன் அதனைத் தரையிறக்கினார். அம்மக்களைச் சுட முனைந்தால் நம்மவரையே சுடுங்கள் என்று தம் தோழர்களுக்குக் கட்டளையிட்டார். அச்செயலுக்கு இராணுவம் பதக்கம் வழங்கியது 1998 இலேதான். அன்ட்ரியோட்டா 1968 ஏப்ரலிலேயே போரில் மடிந்துவிட்டார்.

இன்று 'ஸ்மோக்கி III' என்னும் எழுத்தைத் தாங்கிய ஹியூயி ஒன்று அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து அரும்பொருட்சாலையில் நிற்கிறது. ஈனோலா கே விமானமும் அங்கேயே உளது. ஹிரோஷிமா மக்களின் துயரையும் சேர்த்து அவ்விமானத்தைக் காட்சிக்கு வைக்க வகுத்த திட்டம், முன்னாட் படையினரினதும் காங்கிரஸ் உறுப்பினரினதும் எதிர்ப்பினால் 1995 இற் கைவிடப்பட்டது. ஹோசிமின் நகரத்துப் போர் எச்சங்களின் காட்சியகத்திலும் ஒரு ஹியூயி முற்றத்தில் நிற்கிறது. அதனைக் கடந்து உள்ளே செல்வோர் சுவரிற் காண்பன மைலாயிலே எடுக்கப்பட்ட புகைப்படங்களை.