மேசைக் கணினி மின்வழங்கி: வாட் கணக்கு

மேசைக் கணினியின் கேபினட்டுக்குள் பின்பக்க மூலையில் உட்கார்ந்து, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக்கித் தருவது மின்வழங்கி. கடைக்காரர்களுக்கு அது எஸ்எம்பிஎஸ். சென்னை கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிவந்து வீட்டிலேயே கணினி கூட்டுபவர்கள், ப்ராசசருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கடை கடையாக விலை விசாரிப்பார்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் பட்ஜெட்டில் மிஞ்சியதைக் கொடுத்துவிட்டு, பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்டைப் பார்த்துத் திருப்தியடைவதே வழக்கம். பார்க்க வேண்டியது அந்த வாட்டை அல்ல, 12 வோல்ட் ஆம்பியரை.

எல்லா வாட்டும் ஒரே வாட்டாக இல்லாமல் போனதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. தொடக்கத்தில் மின்வழங்கி என்றால் கனத்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். விண்வெளிக் கருவிகளில் 1960களிலேயே புழங்கிய ஸ்விட்சிங் முறை, 1977இல் வந்த ஆப்பிள் II வழியாக வீட்டுக் கணினிக்குள் நுழைந்தது. ராட் ஹோல்ட் வடிவமைத்த அந்தச் சிறு பெட்டியின் திறன் 38 வாட்தான். 1981இல் வந்த ஐபிஎம் பிசிக்கு 63.5 வாட் போதுமானதாக இருந்தது. 10 எம்பி ஹார்டு டிஸ்க்கோடு 1983இல் எக்ஸ்டி வந்தபோது அது 130 ஆனது; 1984இன் ஏடியில் 192. அந்தக் காலத்து மதர்போர்டுகளுக்குப் பிரதான உணவு 5 வோல்ட். பி8, பி9 என்ற இரண்டு இணைப்பான்கள் பக்கத்துப் பக்கத்தில் செருகப்படும். இடம் மாற்றிச் செருகினால் மதர்போர்டு கருகும் என்பதால், இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் சேர வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பால பாடம். பின்பக்கம் 115/230 என்று ஒரு சிவப்பு சுவிட்சும் இருக்கும். அது 115இல் இருப்பதைக் கவனிக்காமல் நம்மூர் பிளக்கில் செருகியவர்களுக்கு ஒரு வெடிச்சத்தமும் கொஞ்சம் புகையும் கிடைத்தன. அந்த நிலையில் உள்ளிருக்கும் சுற்று மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்குவதுதான் காரணம்.

1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் தரத்தை வெளியிட்டது. 3.3 வோல்ட் தனியாக வந்தது. இணைப்பான் ஒன்றாகி, தலைகீழாகச் செருக முடியாதபடி ஆனது. ஒயர் நிறங்களும் இன்றுவரை நினைவில் நிற்பவை: மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, ஊதா எப்போதும் உயிரோடிருக்கும் 5 வோல்ட். பச்சையைக் கறுப்போடு ஒரு கம்பியால் இணைத்தால் மதர்போர்டு இல்லாமலே விசிறி சுற்றும். பழுது பார்ப்பவர்கள் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். அதே பச்சை ஒயரின் தயவில், ‘இனி கணினியை அணைக்கலாம்’ என்ற விண்டோஸ் 95 அறிவிப்புக்குக் காத்திருந்து பொத்தானை அமுக்கும் வேலையும் ஒழிந்தது.

பெரிய திருப்பம் 2000இல். பென்டியம் 4 கேட்ட மின்சாரத்தை 5 வோல்ட்டில் கொடுக்க ஒயர் தாங்காது. 60 வாட்டுக்கு 5 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஓட வேண்டும், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். ஆகவே ப்ராசசருக்கென்று நான்கு முனை 12 வோல்ட் இணைப்பான் தனியே வந்தது. 2003இல் 20 முனை பிரதான இணைப்பான் 24 ஆனது. அன்று முதல் கணினியின் சுமை ஏறக்குறைய முழுவதும் மஞ்சள் ஒயருக்குப் போய்விட்டது.

மலிவான பெட்டிகள் இந்த மாற்றத்தை லேபிளில் ஒளித்துவிட்டன. ‘400 வாட்’ எஸ்எம்பிஎஸ் ஒன்றின் பக்கவாட்டில் 12 வோல்ட் 16 ஆம்பியர், 5 வோல்ட் 25, 3.3 வோல்ட் 22 என்று பொடி எழுத்தில் இருந்தால், பெருக்கிக் கூட்டினால் 390 வரும். சில்லறையையும் சேர்த்தால் 400 தாண்டும். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றைய கணினிக்கு உதவும் 12 வோல்ட் பங்கு வெறும் 192 வாட்.

இப்போது கணக்கு. ரைசன் 5 5600 ப்ராசசருக்கு அட்டையில் 65 வாட் என்றிருந்தாலும், முழு வேகத்துக்கு 88 என்று வைத்துக்கொள்வோம். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், விசிறிகளுக்குச் சேர்த்து 60. மொத்தம் ஏறக்குறைய 320. அதில் 12 வோல்ட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 280 வாட், அதாவது 23 ஆம்பியர். மேலே சொன்ன ‘400’ பெட்டி இங்கே தோற்றுவிடும். கேம் ஓடும்போது திரை கறுத்து, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். பழி ராம் மேல் விழும்.

கிராஃபிக்ஸ் கார்டு மில்லிநொடிக் கணக்கில் சராசரியைவிட மிக அதிகமாக இழுப்பதும் உண்டு. அதற்கும், சென்னை மே மாதத்துக்கும் இடம் விட வேண்டும். 10 டிகிரி வெப்பம் கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஆக, இந்தக் கணினிக்கு நல்ல தயாரிப்பில் 500 அல்லது 550 வாட் சரி. அத்தகைய 550 வாட் பெட்டியின் 12 வோல்ட் பங்கு 540ஐ ஒட்டி இருக்கும். ஆர்டிஎக்ஸ் 3060க்கு என்விடியா சொல்வதும் 550தான். ஆனால் 115 வாட் மட்டுமே இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4060க்கும் அதே 550ஐத்தான் அது சொல்கிறது. வாங்குபவர் எந்த மட்டமான பெட்டியை மாட்டுவாரோ என்ற பயமும் அந்த எண்ணில் கலந்திருக்கிறது. கார்டு இல்லாத அலுவலகக் கணினி 150 வாட்டைத் தாண்டுவதே அரிது.

பெரிய எஸ்எம்பிஎஸ் வைத்தால் கரண்ட் பில் ஏறும் என்பது வீண் பயம். 750 வாட் பெட்டியும் கணினி கேட்பதைத்தான் கொடுக்கும். 320 வாட் சுமைக்கு, 85 சதவீதத் திறனில், சுவரிலிருந்து 376 வாட் இழுக்கும். தினம் நான்கு மணி நேரம் கேம் ஆடினால் ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 90. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இந்த ஒரு பெட்டியே விழுங்கப் பார்க்கும் என்பது வேறு விஷயம்.

யுபிஎஸ் வாங்கும்போதும் இதே 376 தேவைப்படும். கொரட்டூரிலேயே 230 கேவி துணைமின்நிலையம் இருக்கிறது. அதனால் தெருவில் மின்தடை வராது என்று அர்த்தமில்லை, பராமரிப்புப் பணி நாளும் உண்டு. பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட்தான். மானிட்டரைச் சேர்க்காமலே போதாது. 1000 விஏ என்று எழுதியதில் பெரும்பாலும் 600 வாட் கிடைக்கும்; அது போதும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள், அது மாறிக்கொள்ள எடுக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஏடிஎக்ஸ் தரப்படி மின்சாரம் போன பிறகு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் நேரம் 17 மில்லிநொடி அளவுதான்.

திறன் முத்திரையான 80 பிளஸ் 2004இல் தொடங்கியது. வெண்கலம், வெள்ளி, தங்கம் 2008இல் சேர்ந்தன. தங்க முத்திரை பாதிச் சுமையில் 90 சதவீதம் கேட்கும், வெண்கலம் 85. முத்திரை திறனுக்கு மட்டுமே, உறுதிக்கு அல்ல. 2022இன் ஏடிஎக்ஸ் 3.0 தரத்தோடு 600 வாட் வரை ஒரே கேபிளில் கொண்டுசெல்லும் புதிய இணைப்பான் வந்தது. முனைகள் உருகியதாகப் புகார்கள் எழ, 12வி-2×6 என்று திருத்தப்பட்டது. 575 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090க்கு என்விடியா கேட்பது 1000 வாட் எஸ்எம்பிஎஸ்.