குதிரை வண்டி செய்தவர்கள் கார் செய்த கதை

தாம்பரத்தில் இருந்து அண்ணா சாலை வழியாக பஸ்ஸில் போகிறவர்களுக்கு 'சிம்சன்' என்றால் ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். ஆனால் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் கார் அந்தப் பெயர் கொண்ட கம்பெனியில்தான் உருவானது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சிம்சன் கம்பெனி 1840ல் சென்னையில் தொடங்கியது. அன்றைய தொழில், வசதி படைத்தவர்களுக்குக் குதிரை வண்டி செய்து கொடுப்பது. பிறகு ரயில் பெட்டிகளும் செய்தார்கள்.

1903ல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் ஒரு காரை உருவாக்கினார். சென்னைத் தெருக்களில் அது ஓடியும் காட்டியது. ஆனால் நீராவிக் காரில் ஒரு தொல்லை உண்டு. கொதிகலன் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோல் கார்கள் நன்றாக ஓடத் தொடங்கியதும் உலகம் முழுவதும் நீராவிக் கார்கள் பின்தங்கிவிட்டன.

அப்படியானால் குதிரை வண்டி செய்தவர்களின் கதி? மரச்சட்டம், தோல் இருக்கை, ஸ்பிரிங், பெயின்ட் எல்லாம் காருக்கும் வேண்டுமே! வெளிநாட்டில் இருந்து வந்த சேஸி மீது சிம்சன் ஆட்கள் பாடி கட்டினார்கள். கைத்தொழில் பிழைத்தது. என்ஜின் மட்டும் கையில் இல்லை.

அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1852ல் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி, வண்டி செய்து பெரிய ஆளானார்கள். 1902ல் மின்சாரக் கார், 1904ல் பெட்ரோல் கார். அவர்களும் முதலில் பிறர் செய்த சேஸியை வாங்கித்தான் பாடி கட்டினார்கள். பிறகு முழுக்கக் கார் கம்பெனியாகவே மாறினார்கள். பெரிய கம்பெனிகளின் போட்டியைத் தாங்க முடியாமல் 1966ல் கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

சிம்சன் போன வழி வேறு. அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கீழ் வந்த அந்தக் கம்பெனி, 1950களில் பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களை இங்கேயே செய்ய ஆரம்பித்தது. கிரீனின் காருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து என்ஜினும் கைக்கு வந்துவிட்டது! அதே குழுமத்தின் டஃபே டிராக்டர்களிலும் சிம்சன் என்ஜின்கள் ஓடுகின்றன.

தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு கார் செய்த தொழிற்சாலையும் 1980களின் கடைசியில் மூடப்பட்டுவிட்டது. காரையே நம்பியவர்கள் காரோடு போனார்கள். சிம்சன் காரைச் செய்து பார்த்தது, ஆனால் அதையே நம்பி இருக்கவில்லை. அதனால்தான் இன்று அது வெறும் ஸ்டாப்பிங் பெயராக மட்டும் மிஞ்சாமல், என்ஜின் செய்யும் கம்பெனியாகவும் இருக்கிறது.