வாத்தியார் பிள்ளை

மன்னார்குடியில் நான் படித்த பள்ளியிலேயே அப்பாவும் ஆசிரியர். கணக்கில் நூறு வாங்கினால் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "வாத்தியார் புள்ளைக்குப் போடாம இருப்பாங்களா?" என் விடைத்தாளை அப்பா ஒருநாளும் திருத்தியதில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

அதனாலோ என்னவோ, ஜானி டக்ளஸின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

1908 அக்டோபர் 27. லண்டன் ஒலிம்பிக்கின் குத்துச்சண்டைப் போட்டி மொத்தமும் அந்த ஒரே நாளில் நடந்து முடிந்தது. ஐந்து எடைப்பிரிவு, ஐந்து தங்கமும் பிரிட்டனுக்கு. 15 பதக்கங்களில் ஒன்றே ஒன்றுதான் வெளியே போனது: மிடில்வெயிட்டில் ஆஸ்திரேலியாவின் ஸ்னோவி பேக்கர் வாங்கிய வெள்ளி. இறுதிப் போட்டியில் அவரை மயிரிழையில், புள்ளிக் கணக்கில் வென்றவர் டக்ளஸ். மரவியாபாரக் குடும்பத்துப் பையன். 1905லேயே இங்கிலாந்தின் அமெச்சூர் சாம்பியன்.

பல வருடம் கழித்து பேக்கர் ஒரு குண்டைப் போட்டார்: அன்றைக்கு நடுவரே டக்ளஸின் அப்பாதான்! இணையத்தில் இன்றும் இது சுற்றுகிறது. உண்மையில் நடுவர் யூஜின் கோரி. அப்பா டக்ளஸ் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கத்தின் தலைவர். பதக்கம் கொடுக்க வந்தவர், அவ்வளவுதான்.

ஆனாலும் பேக்கரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே நாடு 14 பதக்கங்களை அள்ளிய கூடத்தில் அவர் தனி ஆள். ஜெயித்தவனுக்கு அவன் அப்பாவே பதக்கம் கொடுக்கிறார். வருடங்கள் போகப் போக, ஞாபகத்தில் அந்த அப்பா நடுவராக மாறியதில் என்ன அதிசயம்? பின் பெஞ்ச் நண்பனும் அப்படித்தான். ஆசிரியர் அறைக்குள் நான் மட்டும் சர்வ சாதாரணமாகப் போய்வந்ததை அவன் தினமும் பார்த்தவன்.

டக்ளஸ் பிறகு இங்கிலாந்து கிரிக்கெட் கேப்டனானார். 1911-12இல் ஆஸ்திரேலியாவில் 4-1 என்று ஜெயித்தார். 1920-21இல் அங்கேயே 5-0 என்று தோற்றார். ஆட்டத்தில் அவ்வளவு நிதானம்; பெயரின் முதலெழுத்துகளை வைத்தே 'ஜானி இன்னைக்கு அடிக்க மாட்டான்' என்று ஆஸ்திரேலியர்கள் கிண்டல் செய்தார்கள்.

1930 டிசம்பர் 19. ஃபின்லாந்தில் மரம் வாங்கப் போன அப்பாவும் மகனும் ஓபரான் என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டென்மார்க் அருகே மூடுபனியில் இன்னொரு கப்பல் மோதியது. இரண்டு கப்பல்களின் கேப்டன்களும் அண்ணன் தம்பி. ஜானி தப்பித்திருக்கலாம், அப்பாவைக் காப்பாற்றப் போனார் என்கிறார்கள். இருவரும் மூழ்கினார்கள். ஜானிக்கு வயது 48.

போன மாதம் ஹரித்ரா நதிக் கரையில் நடக்கும்போது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கப்பலைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்துவிட்டு, "அந்த பேக்கர்தான்டா பாவம்" என்றார்.