நீருக்கு முற்பட்ட பாலம்

ஆறு கண்டு பாலம் அமைத்தல் உலக வழக்கு. பாலம் எழுந்த பின்னர் அதற்கேற்ற நீர் வந்து சேர்ந்த வரலாறு அரிது. அத்தகைய வரலாறுடையது, இங்கிலாந்து தேசத்தில் ஆக்ஸ்போர்டு நகரை அடுத்த உட்ஸ்டாக்கில், பிளெனிம் மாளிகைப் பெருநிலத்தின்கண் விளங்கும் கற்பாலம்.

1704ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13ஆம் நாள், பவேரியாவிலுள்ள பிளெனிம் என்னும் ஊரருகே பிரெஞ்சுப் படையையும் அதற்குத் துணைநின்ற பவேரியப் படையையும் மார்ல்பரோ கோமகன் வென்றார். அவ்வெற்றிக்குப் பரிசாக ஆன் அரசியார் உட்ஸ்டாக் நிலத்தை அவருக்கு ஈந்தார். ஆங்கு மாளிகை எடுத்தற்கு அரசுப் பொருளும் உதவினார். அம்மாளிகையை வகுத்தவர் சர் ஜான் வான்பிரா.

மாளிகைக்கு எதிரே தாழ்ந்ததொரு பள்ளம். அதனூடே கிளைம் என்னும் சிற்றோடை. சர் கிறிஸ்டபர் ரென் என்னும் பேரறிஞர் அளவானதொரு பாலம் போதும் எனக் கருதினார். வான்பிராவின் திட்டமே ஏற்கப்பட்டது. 1708ஆம் ஆண்டளவில் பணி நடந்தது. நடுவளைவின் அகலம் 101 அடி. பாலத்தின் உள்ளேயே அறைகள் பல அமைந்தன. மேலே தூண் வரிசை நிறுவவும் அவர் எண்ணியிருந்தார்.

கோமகனின் மனைவியார் சாரா இப்பெருஞ் செலவை வெறுத்தார். அறைகளை எண்ணி, 33 எனக் கணக்கிட்டு எள்ளினார். தூண் வரிசை எழவேயில்லை. 1712இல் அரசுப் பொருள் நின்றது. 1716இல் வான்பிரா மனம் நொந்து பணியினின்று விலகினார். 1722இல் கோமகன் காலமானார். 1725இல், தாம் வகுத்த மாளிகையைக் காண மனைவியுடன் வந்த சிற்பிக்கு உள்ளே செல்ல இசைவு கிட்டவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவ்வளவு பெரிய வளைவின் கீழ் சிறு வாய்க்காலே ஓடிற்று, கண்டோர் நகைத்தனர்.

சாரா அம்மையார் 1744இல் மறைந்தார். இருபது ஆண்டுகள் சென்றபின், நான்காம் கோமகன் காலத்தில் லான்சலட் பிரவுன் என்னும் நிலவமைப்பு வல்லுநர் ஓடைக்குக் குறுக்கே அணையெடுத்தார். பள்ளம் பேரேரியாயிற்று, பாலத்தின் இருபுறமும் நீர் பரந்தது, அடிப்பகுதியிலிருந்த அறைகள் நீருள் மூழ்கின. மிகையென இகழப்பட்ட உயரம் அந்நீர்ப்பரப்பிற்கு அளவாய் அமைந்தது. 1987இல் இம்மாளிகையும் அதன் சூழலும் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றன.

கல்லை நிறுத்தியவர் ஒருவர். நீரை நிறுத்தியவர் மற்றொருவர். முன்னவர் பின்னவரைக் கண்டிலர். பின்னவரோ முன்னவர் பணியை இடித்திலர், நிறைவித்தார். பெரும்பணி ஒருவர் வாழ்நாளில் முற்றுவதன்று. தொடங்கினார்க்குப் பழியே கிடைப்பினும், செம்மையாய் நிறுத்திய கல் தனக்குரிய காலத்தை நோக்கி நிற்கும் என்பதை இப்பாலம் உணர்த்துகின்றது.